பதினேழு டி இருக்கைக்காரர்

என் வாய் கொஞ்சம் நீளம். சித்தூரில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "கிரேஸ் சிஸ்டருக்கு மைக் எதுக்கு?" என்று எங்கள் போதகரே ஒருமுறை கேட்டிருக்கிறார். இந்த வாயால் நான் சாதித்தவையும் உண்டு, கெடுத்தவையும் உண்டு. ஒரு நல்ல மனிதரை ஏறக்குறைய ஜெயிலுக்கே அனுப்பப் பார்த்ததும் உண்டு. அவர் பெயர் ஏகாம்பரம். குப்பம் ஊரை அடுத்த குடுபல்லிப் பக்கத்துக்காரர். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது. ஆனால் அவரோ எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு அலைகிறார். இந்த வேடிக்கையைத்தான் எழுதுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை இது. அப்போது சித்தூரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு பெஞ்சுக்கு இரண்டு குடும்பம் வளைகுடா நாட்டில் ஆள் இருக்கிற குடும்பமாக இருக்கும். நானும் ஒன்பது வருஷம் குவைத்தில் நர்சாக இருந்தேன். என் கணவர் ஆசிர் அங்கேயே ஏசி மெக்கானிக். ஒருநாள் மாடியில் ஏசி பொருத்தும்போது ஏணி சறுக்கி விழுந்துவிட்டார். இடது முழங்கால் நொறுங்கிப்போய், தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டு. அடுத்த ஆபரேஷனை வேலூரில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினோம்.

விமான நிலையக் கவுண்டரில் அவருக்குப் பதினேழு ஈ, அதாவது நடு இருக்கை கொடுத்தார்கள். எனக்கு இருபத்தொன்பது பி. நான் சும்மா இருப்பேனா? மடக்க முடியாத காலை நடு இருக்கையில் எங்கே வைப்பது என்று பிடித்துக்கொண்டேன். நடைபாதை ஓரத்து இருக்கை வேண்டும், எனக்கும் பக்கத்திலேயே வேண்டும் என்று அரைமணி நேரம் சண்டை. விமானம் நிறைந்துவிட்டது, உள்ளே போய் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள், மாற்றிக்கொள்வார்கள் என்று அந்தப் பெண் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். கேட்டுப்பாருங்கள் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கதையே.

சண்டையில் நேரமாகிவிட்டதால் நாங்கள்தான் கடைசியாக ஏறினோம். விமானத்தின் வாசலில் சக்கர நாற்காலியை விட்டுவிட்டு, ஆசிர் என் தோளைப் பிடித்து ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வந்தார். பதினேழு டி-யில், அதுதான் ஓரத்து இருக்கை, ஒருவர் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் ஒடுங்கிய முகம். சட்டை மட்டும் புதுசு, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. பார்த்ததும் நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது.

"இந்தாப்பா, எழுந்திரு. இவருக்குக் கால் உடைஞ்சிருக்குது. நீ பின்னால இருபத்தொன்பது பி-க்குப் போ" என்றேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரைத்தான் 'நீ' என்றேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் முடிப்பதற்கு முன்பே அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பெல்ட் இழுத்தது. அதைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினார். நான்தான் கழற்றிவிட்டேன், கொஞ்சம் வெடுக்கென்று. "சரிம்மா" என்றார். ஆசிரைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தார். கால் எங்கும் இடிக்காமல் நடைபாதைப் பக்கம் நீட்டிவைத்தார். பிறகு துணிப்பையோடு பின்பக்கம் போய்விட்டார். நான் நடு இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஜெயித்த சந்தோஷம்.

"கேட்டிருக்கலாம் கிரேஸ்" என்றார் ஆசிர்.

"கேட்டேன்தானே."

"அதுக்குப் பேரு கேக்கறதா?"

பத்து நிமிஷம் ஆயிற்று. விமானம் நகரவில்லை. பின்னால் சத்தம் கேட்டது. நான் எழுந்து திரும்பிப் பார்த்தேன். கடைசியில் கழிவறைப் பக்கம், மேலே பெட்டி வைக்கும் தட்டைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே இரண்டு பணிப்பெண்கள்.

என்ன நடந்தது என்று பிற்பாடு ஆசிர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் இருபத்தொன்பது பி-க்குப் போனபோது அந்த இருக்கையில் ஒரு துண்டு கிடந்தது. கடப்பைப் பக்கத்து ஆள் ஒருவர், காலியாக இருக்கிறதே என்று, எங்கோ தள்ளி உட்கார்ந்திருந்த தன் சிநேகிதனுக்காகத் துண்டு போட்டு வைத்திருந்தார். எங்கள் ஜில்லாவில் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது தெரியும். ஜன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையையோ வீசிவிட்டால் அந்த இடம் போட்டவருக்கு. அப்புறம் அங்கே யாரும் பேச்சே எடுக்கமாட்டார்கள். அடிதடி வரை போன ஊர்களும் உண்டு. ஏகாம்பரம் துண்டைப் பார்த்தார், இது வேறு யாருடையதோ என்று நினைத்தார், நகர்ந்துவிட்டார். விமானத்தில் துண்டுக்கு மரியாதை கொடுத்த ஒரே பிரயாணி அவராகத்தான் இருப்பார். வேறு இடம் தேடவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. கடைசியில் போய் நின்றுகொண்டார்.

பணிப்பெண்கள் இந்தியில் உட்காரச் சொன்னார்கள், இங்கிலீஷில் சொன்னார்கள். அவர் இரண்டு கையையும் கூப்பி, "பரவாயில்லம்மா, நான் நின்னுக்கினே வரேன். எனக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தெலுங்கில், "பர்லேதம்மா" என்றார். அவர்களுக்குத் தமிழும் புரியவில்லை, தெலுங்கும் புரியவில்லை. உட்காரச் சொல்லச் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டுகிற ஆள் என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாலரை மணி நேரம் ஆகாயத்தில் நின்றுகொண்டே வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

போர்டிங் பாஸைக் கேட்டிருக்கிறார்கள். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் பதினேழு டி என்று தெரிந்துவிடும், கால் உடைந்தவரை எழுப்பிவிடுவார்கள் என்று பயந்தாராம். அதைச் சட்டைப்பையிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். அது அவரிடம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். இருக்கை எண் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, உட்காரவும் மறுக்கிறார். கீழே தகவல் போயிற்று.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என்னால்தான் நிற்கிறார் என்பது தெரிந்தது. வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் என்னை இருபத்தொன்பதுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆசிருக்குக் கால் நீட்ட இடம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். ஆசிரால் திரும்பிப் பார்க்க முடியாது. "பின்னால இன்னா சத்தம்?" என்று கேட்டார்.

"ஒண்ணியுமில்ல" என்றேன்.

ஊரெல்லாம் கேட்கிற மாதிரி பேசுகிற வாய், பேசவேண்டிய நேரத்தில் ஊமையாக இருந்தது.

சீருடை போட்ட இரண்டு பேர் உள்ளே வந்து பின்னால் போனார்கள். அவரை முன்னால் நடக்கவிட்டுத் திரும்பி வந்தார்கள். துணிப்பை நெஞ்சோடு, வெள்ளைத் தாள் கையில். எங்கள் வரிசைக்கு வந்ததும் அவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நடைபாதையில் நீட்டியிருந்த ஆசிரின் காலைப் பார்த்தார். வேட்டி கட்டிய பழக்கத்தில் பேன்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டின்மேல் படாமல் மெதுவாகத் தாண்டினார். தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்றுகூட அந்த நேரத்தில் கேட்காத மனுஷன், அடுத்தவர் காலில் இடிக்கக் கூடாது என்று பார்த்தார்.

அப்போதுதான் அந்தத் தாளை நான் கவனித்தேன். குவைத்தில் ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு அது என்னவென்று சொல்லவேண்டாம். அவுட் பாஸ். பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஊர் திரும்புவதற்குத் தூதரகம் கொடுக்கிற ஒற்றைத் தாள். அந்த வருஷம் அங்கே பொதுமன்னிப்பு அறிவித்திருந்தார்கள். காகிதம் சரியில்லாதவர்கள் குறித்த தேதிக்குள் வெளியே போய்விட்டால் தண்டனை இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில்கூட அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடைசித் தேதி அன்றைக்குத்தான். இந்த விமானத்திலிருந்து அவரை இறக்கினால் நாளைக்கு அவர் குற்றவாளி. எத்தனை மாதமோ, எத்தனை வருஷமோ.

ஆசிரின் காலைத் தாண்டி நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. "நிறுத்துங்க" என்றேன். இங்கிலீஷ், இந்தி, அரபி, எனக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் சொன்னேன். இவர் பேரில் ஒரு தப்பும் இல்லை, பதினேழு டி இவருடைய இருக்கை, நான்தான் எழுப்பி அனுப்பினேன், பின்னால் சத்தம் கேட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தலைமைப் பணிப்பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இவரை விட்டுவிட்டு உங்களை இறக்கட்டுமா என்றாள். நியாயமான கேள்வி. அவளிடம் கேட்ட அளவு மன்னிப்பு என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கேட்டதில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கி அவளிடம் காட்டினேன். வியர்வையில் ஊறியிருந்தாலும் எண் தெரிந்தது. அவள் தலையாட்ட, சீருடைக்காரர்கள் அவரை விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

பிறகு அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, வந்து உக்காருங்க. இது உங்க சீட்டு" என்றேன்.

அவர் நகரவில்லை. "சாருக்குக் கால் நீட்டணுமேம்மா" என்றார்.

கடைசியில் ஆசிர்தான் வழி சொன்னார். ஏகாம்பரம் நடு இருக்கையில் உட்காரட்டும், ஆசிர் ஓரத்திலேயே இருக்கட்டும், நான் என் இடத்துக்குப் போகவேண்டியது. அவ்வளவுதான். முதலிலேயே அவர்கள் இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். புருஷன் பக்கத்திலேயே உட்காரவேண்டும் என்ற என் பேராசைக்கு அந்த மனிதரைப் பின்னால் துரத்தியிருக்கிறேன். இருபத்தொன்பது பி-யில் அந்தத் துண்டுக்காரரின் சிநேகிதன் சட்டமாக உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பும்போது, "கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?" என்று கேட்டேன். என் காதுக்கே அது புதுசாக இருந்தது.

சென்னை வரைக்கும் ஏகாம்பரம்தான் ஆசிருக்கு நர்ஸ். சாப்பாட்டு வண்டி வரும்போதெல்லாம் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாராம். வண்டி போனதும் மறுபடி நடைபாதையில் நீட்டிவைத்தாராம். துணிப்பையை மடித்து முட்டிக்கு முட்டுக்கொடுத்தாராம். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது ஒருமுறை இரண்டு பேரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. வலியில் பத்து நாளாகக் கண்ணை மூடாத மனுஷன் தூங்குகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தூங்காத நேரத்தில் தன் கதையை ஆசிரிடம் சொல்லியிருக்கிறார். சொந்த நிலம் என்று ஒரு அடிகூட இல்லாத குடும்பம். அவருடைய நைனா அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். ஊர் பஸ்ஸில் பெரிய வீட்டுக்காரர்கள் யாராவது ஏறினால் இவர்கள் எழுந்துவிட வேண்டும், யாரும் சொல்லவே வேண்டியதில்லை. பெங்களூரில் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்த காலத்தில், எட்டு வருஷம் தினமும் விடிவதற்கு முன்னால் குடுபல்லி ஸ்டேஷனில் ரயில் ஏறிச் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார். அதற்கு முந்தின குப்பம் ஸ்டேஷனிலேயே பெட்டி நிறைந்துவிடும். கதவோரத்தில் நின்றுகொண்டே போவது, நின்றுகொண்டே வருவது. பிறகு தோட்ட வேலை என்று ஒரு ஏஜென்ட் குவைத்துக்கு அனுப்பினான். போய் இறங்கினால் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டி. பாஸ்போர்ட் முதலாளியிடம். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்து வெளியே ஓடிவந்தவர், இன்னும் இரண்டு வருஷம் மறைந்து மறைந்து மூட்டை தூக்கியிருக்கிறார். ஊரில் மனைவி மல்லிகா. மகள் பிரியங்காவைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். மகள் குரலைப் போனில்தான் தெரியும், வளர்ந்த முகம் தெரியாது.

சென்னையில் இறங்கியதும் எங்களுக்காக வந்திருந்த காரிலேயே அவரையும் ஏற்றிக்கொண்டோம். திருப்பதியில் மனைவியும் மகளும் காத்திருக்கிறார்கள், மலைக்குப் போய் மொட்டை போடுவதாக வேண்டுதல் என்றார். சித்தூருக்கு அது சுற்றுவழி. பரவாயில்லை என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். "ஏழுமலையானோட ஆளை நாம கொண்டுபோய் விடறோம், போதகர்கிட்டச் சொல்லிடாத" என்று ஆசிர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு வாசலில் அந்தப் பெண்ணும் நாலு வயதுக் குழந்தையும் நின்றிருந்தார்கள். குழந்தை அவரைப் பார்த்து அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. அவர் கிட்டே போகாமல் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். இதை நான் இல்லாமல் ஆக்கப் பார்த்தேனே என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏகாம்பரம் சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மொச்சைக்காய் வரும். ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து இறக்குவார். நானும் அவரும் ஆசிரும் உட்கார்ந்து உரித்து, ஊறவைத்துப் பிதுக்கி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களியோடு தின்போம். முதலில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார். பிறகு குத்தகைக்கு எடுத்தார். பிறகு அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் தக்காளி, மல்பெரி என்று எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், "இந்த சிஸ்டரம்மாதான் என்னை ஊர் சேர்த்தது" என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆசிர் என்னைப் பார்ப்பார்.

போன வைகாசியில் பிரியங்காவுக்குக் கல்யாணம். காணிப்பாக்கத்தில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஆசிர் இப்போது லேசாகக் காலைத் தாங்கி நடப்பார், அவ்வளவுதான். ஏகாம்பரம் வாசலுக்கே வந்து எங்களை அழைத்துப்போய் முதல் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். எனக்கு ஒரு மாலை. தாலி கட்டி முடிந்ததும் மைக்கைக் கையில் வாங்கி, இந்தம்மா இல்லையென்றால் இந்தக் கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பன் இல்லை என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிவிட்டார். ஜனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மாலை கழுத்தில் கனத்தது. இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது.

பந்தி முடியும் நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "அண்ணா, ஊர் முழுக்கத் தப்பா சொல்லிக்கினு இருக்கீங்க. உங்களைக் காப்பாத்துனது நான் இல்ல. உங்களை மாட்டிவிட்டதே நான்தான். நான் எழுப்பலன்னா உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. அப்புறமும் பின்னால நீங்க நிக்கறதைப் பாத்துக்கினு, வாயை மூடிக்கினு உக்காந்திருந்தேன். அதுக்கு இன்னும் உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கல" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா" என்றார். "நீங்க திரும்பிப் பாத்ததை நானும் பாத்தேன்."

இருபது வருஷமாக அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மொச்சைக்காய் கொண்டுவந்திருக்கிறார்.

"எழுந்திருன்னு நீங்க சொன்னது எனக்குப் பெரிசாவே படலம்மா" என்றார். "பொறந்ததுலேர்ந்து அதைத்தான் கேட்டுக்கினு இருந்தேன். பஸ்ஸுல, ரயில்ல, எங்க போனாலும். எழுந்துட்டவனை மறுபடியும் கூப்பிட்டு, வந்து உக்காருங்க, இது உங்க எடம்னு யாரும் சொன்னதில்ல. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. அதான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கேன்."